இந்த மாதத்துக்கு ஒரு ‘வேண்டாம்’

நல்ல எண்ணத்தோடு தொடங்கப்படாத அலுவலகம் உலகத்தில் ஒன்றுகூட இருக்காது. பெரிய ஆஸ்பத்திரியின் தெளிந்த முடிவுத் துறையும் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் புற்றுநோயாளியின் கையைப் பிடித்து, எதற்கு என்றுகூடச் சொல்லாமல் ரத்தம் எடுப்பார்கள். சில வாரம் கழித்து, "இது உங்க பரம்பரையில இருக்கு, உங்க பிள்ளைங்களுக்கும் இருக்கலாம்" என்று தலையில் கல்லைப் போடுவார்கள். இதைப் பார்த்து மனம் பொறுக்காத ஒரு டாக்டர், "முதலில் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும்" என்றார். ஆண்டவன் அவரை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்கள், அவருடைய வாக்கியத்தின் பின்பாதியைச் சுவரில் பொன்னெழுத்தில் பொறித்தார்கள். முன்பாதிக்குச் சுவரில் இடம் போதவில்லை.

அந்தத் துறைக்குத்தான் ஊரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் மெத்தைக்காரர் போய்ச் சேர்ந்தார்.

மெத்தைக்காரருக்கு வந்தது, பெண்களுக்கு மட்டுமே வரும் என்று அவர் அதுவரை நம்பியிருந்த நோய். இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அவருடைய அம்மா இதே நோயில்தான் போனாள். அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த அன்று டாக்டர் சொன்னார்: "ஆம்பளைங்களுக்கு இது அபூர்வம். உங்க அம்மாவுக்கும் இருந்திருக்கு. மரபணுச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. ரத்தத்துல பரம்பரைக் கோளாறு ஏதாவது இருக்கான்னு பார்க்கிறது."

"பண்ணிடலாங்களா டாக்டர்?"

டாக்டர் சட்டென்று கதவைப் பார்த்தார். "அதை நான் சொல்லக் கூடாது. கீழ்த்தளத்துல ஒரு துறை இருக்கு. அங்க யாரும் சொல்ல மாட்டாங்க."

வீட்டில் விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். ஒரே மகள், கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருப்பவள், ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், அவளிடம் அவர் சொன்னது "கொழுப்புக் கட்டி". அவளும் நம்பினாள். வேலை முடிந்து தினமும் வந்து, இடது கையைத் தூக்க முடியாமல் அவர் தடுமாறுவதைப் பார்த்து, தோளிலிருந்து முழங்கை வரை மெதுவாக நீவிவிட்டாள். "கொழுப்பு இருந்தாத்தானே கட்டி வரும்? உங்க உடம்புல கொழுப்பு இருக்கிற ஒரே இடம் வாய்தான்" என்று கேலி செய்தாள். அவர் சிரித்தார். அவள் போன பிறகு, நீவிவிட்ட கையைத் திருடிய பொருளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குத் தன்னுடைய மூக்கைக் கொடுத்ததாக அவருக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. பிடிவாதத்தையும் கொடுத்திருந்தார். இன்னும் என்னென்ன கொடுத்துத் தொலைத்திருக்கிறோமோ என்று இப்போதுதான் யோசனை வந்தது. சோதனை செய்தால் குற்றவாளி என்று தீர்ப்பு வரலாம். செய்யாமல் இருந்தால் வெறும் சந்தேகம்தான். யாராவது ஒருவர் அதிகாரமாக, "பண்ணு" என்றோ "விடு" என்றோ சொல்லிவிட்டால் பாரம் அவர் தலைக்கு மாறிவிடும். அந்த ஒருவரைத் தேடித்தான் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

படி முடிகிற இடத்தில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். மெத்தைக்காரர் அவசரத்தில் இருந்தார்.

"ஐயா, கழிப்பறை எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் கதவு இருக்குங்க" என்றார் காவலாளி. "ரெண்டுலயும் நன்மை இருக்கு, தீமை இருக்கு."

"எதுல கழிப்பறை இருக்கு?"

"நீங்க எதுக்குத் தயாரா இருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது."

மெத்தைக்காரர் ஆண்டவனை வேண்டிக்கொண்டு இடதுபக்கக் கதவைத் திறந்தார். மின்சாரப் பெட்டிகள் இருந்தன. திரும்பி வந்தபோது காவலாளி மரியாதையாக எழுந்து நின்று, "நீங்களே எடுத்த முடிவு. வாழ்த்துகள்" என்றார்.

ஆலோசகர் ஒரு நடுத்தர வயது அம்மாள். நோயாளிகள் அவருக்குப் ‘பளிங்கு’ என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்தில் எந்தக் கோடும் அசையாது. அசைந்தால் நோயாளியின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், துறையில் சேரும் எல்லோருக்கும் கண்ணாடி முன்னால் முகத்தைச் சமப்படுத்தும் பயிற்சி உண்டு. அறை மூலையில் நடுநிலைக் கண்காணிப்பாளர் ஒரு மேசைமணியோடு உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் எந்தப் பக்கமாவது சாய்ந்தால் மணி அடிப்பது அவர் வேலை.

"மரபணுச் சோதனை பண்ணிக்கலாம். பண்ணாமலும் இருக்கலாம்" என்று தொடங்கினார் ஆலோசகர். "பண்ணினா தெரிய வரலாம். தெரியாமலும் போகலாம். தெரிஞ்சா சிலருக்கு நிம்மதி. சிலருக்குக் கவலை."

"எனக்கு எதுங்க வரும்?"

"ரெண்டுக்கும் இடம் இருக்கு."

மெத்தைக்காரர் வாழ்நாள் முழுக்க வேறு மாதிரி வியாபாரம் செய்தவர். கடைக்கு வருகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தால், "உங்களுக்கு இந்த இறுக்கமான மெத்தைதான், அந்தப் பஞ்சு மெத்தையைக் கண்ணாலகூடப் பார்க்காதீங்க" என்று சொல்லிவிடுவார். ஆகவே இயல்பாகக் கேட்டார்: "அம்மா, எனக்கு ஒரு மகள் இருக்கா. நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

மணி அடித்தது.

"இன்னும் நான் பதிலே சொல்லலயே சார்" என்றார் ஆலோசகர் மூலையைப் பார்த்து.

"புருவம்" என்றார் கண்காணிப்பாளர். "இடது புருவம் கொஞ்சம் இரக்கப்பட்டுது."

ஆலோசகர் மன்னிப்புக் கேட்டு, வெளியே போய் முகத்தைச் சரி செய்துகொண்டு வந்தார். வந்து, "நான் நீங்க இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். அவருடைய முகம் அசையவில்லை. மேசைக்கு அடியில் விரல்கள் மட்டும் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. மேசைக்கு அடியில் பார்க்கக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் இல்லை.

முடிவெடுப்பதற்கு முன்னால் நோயாளி தெளிந்துவிட்டாரா என்று சோதிக்க ஒரு பரீட்சை இருந்தது. தெளியாதவர் எடுக்கும் முடிவு செல்லாது. மெத்தைக்காரர் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல்முறையாகப் பரீட்சை எழுதினார். எல்லாக் கேள்விக்கும் ஒருமாதிரி பதில் எழுதிவிட்டார். ஒரு கேள்வியில்தான் பேனா நின்றது. ‘உங்களுக்குப் பரம்பரைக் கோளாறு இருந்தால், அது உங்கள் பிள்ளைக்கும் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?’

வெகுநேரம் யோசித்து, ‘வந்திருக்கக் கூடாது’ என்று எழுதினார்.

தோல்வி. விடைத்தாளில் திருத்தியவர் எழுதியிருந்தார்: ‘கேட்டது வாய்ப்பு. எழுதியது ஆசை.’

மறுமுறைக்குப் படித்தார். கடையில் தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டே, "பாதிக்குப் பாதி, பாதிக்குப் பாதி" என்று முணுமுணுத்தார். தலையணை வாங்க வந்தவர், பாதிப் பஞ்சுதான் அடைக்கிறார் போலிருக்கிறது என்று பயந்து வேறு கடைக்குப் போய்விட்டார். இரண்டாவது பரீட்சையில் அந்தக் கேள்விக்குப் ‘பாதி’ என்று எழுதினார். அந்த இரண்டெழுத்தை எழுதும்போது, மகளை எடுத்துப் பாதியாகக் கிழித்தது போல் இருந்தது. தேர்ச்சி. ‘தெளிந்தவர்’ என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அன்று இரவு அவருக்குச் சுத்தமாகத் தூக்கம் வரவில்லை.

தெளிந்தவர்களைத் துறைத் தலைவர் நேரில் சந்திப்பார். அவருடைய அறையில் ஒரு பெரிய பலகை. ஒரு பக்கம் ‘வேண்டும்’, மறுபக்கம் ‘வேண்டாம்’. சோதனைக்குச் சம்மதித்தவர்களுக்குப் பச்சைக் குண்டூசி, மறுத்தவர்களுக்கு நீலக் குண்டூசி. பச்சைப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க. எந்த நிர்ப்பந்தமும் இல்லாம உட்காருங்க" என்றார் தலைவர். "சொல்லுங்க, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"நீங்க என்ன சொன்னாலும் சரிங்க" என்றார் மெத்தைக்காரர்.

தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. அங்கேயும் மூலையில் இருந்த கண்காணிப்பாளர் பதறி எழுந்தார்.

"ஐயா, இந்த இடத்துல அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது" என்றார் தலைவர். "நான் பெருமையா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்ல இருந்து, எங்க பேச்சைக் கேட்டு ஒரே ஒரு நோயாளிகூட முடிவெடுத்தது கிடையாது. ஏன் தெரியுமா? ஒருத்தர் சோதனை பண்ணிக்கிட்டு நாளைக்கு அழுவார். ‘உனக்கு யார் சொன்னது’ன்னு ஊரே கேட்கும். இன்னொருத்தர் பண்ணிக்காம அழுவார். அப்பவும் ‘யார் சொன்னது’ன்னுதான் கேட்கும். ரெண்டுக்கும் ஒரே பதில்தான்: யாரும் சொல்லல. அந்த ஒரு பதிலைத் தயாரிக்கத்தான் இவ்வளவு பெரிய கட்டடம்."

"அழறவங்களுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"அது வேற துறை."

தலைவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் மேலிடத்துல இருந்து பார்வையிட வர்றாங்க. பச்சை இவ்வளவு இருந்தா என்ன நினைப்பாங்க? நாங்க ஆளைப் பிடிச்சுத் தள்றோம்னு நினைப்பாங்க. நடுநிலைன்னா பார்க்கிறதுக்குச் சமமா இருக்கணும் இல்லையா? எப்படியோ ஓரளவு சமப்படுத்திட்டோம். இந்த மாதத்துக்கு ஒரே ஒரு ‘வேண்டாம்’ குறையுது." மெத்தைக்காரரைக் கனிவோடு பார்த்தார். "நான் உங்களை வற்புறுத்தல. அது பாவம். நீங்க பூரண சுதந்திரத்தோட, சுயமா, ‘வேண்டாம்’னு சொல்லுங்க."

மெத்தைக்காரர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. கண்காணிப்பாளர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இதில் ஏதோ கோணல் இருப்பது புரியாமல் இல்லை. ஆனால் உள்ளே ஒரு கதவு திறந்து குளிர்ந்த காற்று வந்தது. இத்தனை நாள் தேடிய ஆள் கிடைத்துவிட்டார். தான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தேவைப்படுகிறது. ஒரு பெரிய மனிதர் கேட்கிறார். மறுக்கலாமா?

"வேண்டாங்க" என்றார்.

தலைவர் நீலக் குண்டூசியை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் குத்தினார். "என்ன தெளிவு! என்ன தைரியம்!"

வாசலில் ஆலோசகர் நின்றிருந்தார். மெத்தைக்காரர் அவரைக் கடக்கும்போது, "வேண்டாம்னு சொல்லிட்டேம்மா" என்றார், கேட்காமலேயே. ஆலோசகர் வாயைத் திறந்து, மூடி, "சரிங்க" என்றார். மணி அடித்தது. எதற்கு என்று மெத்தைக்காரருக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வயிறாரச் சாப்பிட்டார். மனைவி தட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க."

"அவங்களா?"

"கிட்டத்தட்ட."

"பொண்ணுகிட்டயாவது சொல்லிடலாம்ங்க. நாளைக்குத் தெரிஞ்சா மூஞ்சியில முழிக்க மாட்டா."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்லாததை எதுக்குச் சொல்லிக் கலவரப்படுத்தணும்?" என்றார். அந்த நேரம் பார்த்து மகள் வந்து, வழக்கம்போல் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீவத் தொடங்கினாள். "இன்னிக்கு முகம் தெளிஞ்சிருக்கேப்பா" என்றாள். பொய் சொன்னவனை ஒருவர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். கையை நீவிவிட்டால் எங்கே போய் ஒளிவது?

மேலிடத்துக்காரர்கள் வந்த நாளில் ஒரு விழா வைத்தார்கள். ‘இந்த மாதத்தின் சுதந்திர முடிவாளர்’ என்று மெத்தைக்காரருக்கு ஒரு கேடயம். அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் துறையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்து, எடுத்தது மகளாக இருந்துவிட்டது. "அப்பாவுக்கு ஏதோ பரிசாம்மா!" என்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் மெத்தைக்காரர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, என் மக வந்திருக்கா. அவளுக்கு எதுவும் தெரியாதுங்க."

"கவலையே படாதீங்க. நோயாளியோட ரகசியம் எங்களுக்கு உயிர்" என்றார் தலைவர். அவர் சைகை காட்ட, ஒருவர் வந்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒரு துணிப் பையை மெத்தைக்காரரின் தலையில் மாட்டினார். தையல் மிக மோசமாக இருந்ததை அந்தக் கலவரத்திலும் அவர் கவனித்தார்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்வது எங்கள் தர்மம் அல்ல. நம் ஊரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆணாக இருந்தும் மார்பகப் புற்றுநோய் கண்டவர். தாயையும் அதே நோய்க்குப் பறிகொடுத்தவர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் தம் ஒரே மகளுக்கும் இது வந்திருக்கலாம் என்பதை அறிந்தவர்; பரீட்சையில் எழுதித் தேறியவர்! அப்படி இருந்தும், எவருடைய தூண்டுதலும் இன்றி, ‘எனக்குத் தெரிய வேண்டாம்’ என்று துணிந்த மாமனிதர்! அவருடைய மகள் இன்று நம்மிடையே இருக்கிறார் என்று அறிகிறேன். அவர் யாரென்றும் நான் சொல்ல மாட்டேன்."

கைத்தட்டல் எழுந்தது. மேலிடத்துக்காரர்கள் ஏதோ குறித்துக்கொண்டார்கள். ஓட்டை வழியாக மெத்தைக்காரருக்கு முன்வரிசையில் ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. அவருடைய மூக்கு அந்த முகத்தில் இருந்தது. அந்த முகம் கைதட்டவில்லை.

கேடயத்தை வாங்காமல் பையைக் கழற்றினார். படியிறங்கி மகளிடம் போனார்.

"கொழுப்புக் கட்டி" என்றாள் மகள்.

"பாப்பா..."

"தினம் வந்து கையைப் பிடிச்சுவிட்டேனே. ஒரு நாள்கூடச் சொல்லத் தோணலயாப்பா?"

"நான் கொடுத்ததா இருந்துட்டா..." என்றார். "நான்தான் உனக்குக் கொடுத்தேன்னு ஆயிட்டா, எப்படிம்மா உன் முன்னால நிப்பேன்?"

"கொடுத்திருந்தா கொடுத்திருக்கீங்க. நீங்க என்ன, பொட்டலம் கட்டி வேணும்னேவா கொடுத்தீங்க? ஆனா வாங்கினவகிட்டச் சொல்ல வேண்டாமா?"

ஓரத்திலிருந்து ஆலோசகர் எழுந்து வந்தார். வரும்போதே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"ஐயா, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லல" என்றார். மணி விடாமல் அடித்தது. அவர் குரலை உயர்த்தினார். "நானா இருந்தா பண்ணிப்பேன். கோளாறு இருந்தா பொண்ணு முன்கூட்டியே பார்த்துக்கலாம், காப்பாத்திக்கலாம். இல்லேன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. வேண்டாம்னு தோணினா அதுவும் தப்பில்ல. ஆனா வேற யாருக்காகவோ வேண்டாம்னு சொல்லாதீங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க." பளிங்கில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் அடித்த அடியில் மணியின் குமிழ் கையோடு வந்துவிட்டது.

"நானும் பயந்துட்டேம்மா" என்றார் மெத்தைக்காரர். "எனக்கு வேணுங்க. சோதனை பண்ணிக்கிறேன்."

"ஐயா! ஐயா!" தலைவர் மேடையிலிருந்து கூவினார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. "உங்க சுதந்திரத்தை நான் மதிக்கிறேன்! அடுத்த மாசம் மதிக்கிறேன்! இந்த மாசக் கணக்கு முடிஞ்சிடுச்சு!"

அப்பாவும் மகளும் ரத்தம் எடுக்கும் அறைக்கு நடந்தார்கள். அங்கே இருந்த நர்ஸ் எந்தத் துறையையும் சேராதவள். "உட்காருங்க" என்று ஒரே ஒரு நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தபோது மெத்தைக்காரருக்கு அழுகை முட்டியது.

"எனக்கும் இப்பவே எடுத்துடுங்க" என்றாள் மகள்.

"முதல்ல அப்பாவோடது வரட்டும்மா" என்றாள் நர்ஸ். "நோய் வந்தவங்க ரத்தத்துலதான் முதல்ல தேடணும். அதுல ஏதாவது கிடைச்சாத்தான் உங்க ரத்தத்துல எதைத் தேடணும்னு தெரியும். அப்பா எடுக்காம நீங்க மட்டும் எடுத்தா, பாதி இருட்டுல தேடுற மாதிரி."

மெத்தைக்காரர் பரீட்சைக்கு இதையும் படித்திருந்தார், தேர்ச்சியும் பெற்றிருந்தார். மகளுக்காக அவரைத் தவிர வேறு யாராலும் கொடுக்க முடியாத ஒன்றை, ஒரு குண்டூசிக்குப் பதிலாக விட்டுக்கொடுத்துவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார்.

ஊசி வலது கையில் ஏறி இறங்கியது. சின்னக் குழாய் நிறைந்தது.

"போதுமாம்மா?" என்றார். "இன்னும் எடுத்துக்கோங்க." இடது சட்டைக் கையையும் மடக்கி மேலே ஏற்றி, அந்தக் கையையும் நீட்டினார்.

"ஒரு குழாயே போதுங்க ஐயா. அந்தப் பக்கம் ஆபரேஷன் பண்ணினது. அதுல ஊசி போடக் கூடாது."

அவர் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். நர்ஸ் குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் குனிந்து, அவர் முகத்தைப் பார்க்காமலேயே, சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பித்தானைப் போட்டுவிட்டாள்.